கொலிஸ்டின் கேட்கவில்லை, அடுத்து எது?

கேள்வி இதுதான்: தாயிடமிருந்து பிரித்த ஐந்தாறு நாளில் பன்றிக் குட்டிகளுக்கு நீர்க்கழிச்சல் வருகிறது. முன்பெல்லாம் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும், இப்போது நிற்பதில்லை. என்ரோஃப்ளாக்சசினும் கொடுத்துப் பார்த்தாயிற்று. இதற்கிடையே வளர்ந்த பன்றிகளில் சிலவற்றுக்குச் சளியும் ரத்தமுமாகப் போகிறது. இவற்றைவிடப் பலமான மருந்து எது?

பல ஆண்டுகளாகப் பன்றிப் பண்ணைகளில் வைத்தியம் பார்ப்பவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆன்டிபயாடிக்குகளைப் பலவீனமானது, பலமானது, அதைவிடப் பலமானது என்று படிக்கட்டு மாதிரி அடுக்க முடியாது. ஒரு மருந்து ஒரு கிருமிக்குப் பொருந்தும், இன்னொன்றுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான். உங்கள் குட்டிகளுக்கும் வளர்ந்த பன்றிகளுக்கும் வந்திருப்பது ஒரே நோயாக இருக்க வாய்ப்பு குறைவு. வளர்ந்த பன்றிகளுக்குச் சளியோடு ரத்தம் போக வைக்கும் பிராக்கிஸ்பைரா கிருமியைக் கொலிஸ்டின் தொடுவதே இல்லை. ஆய்வகத்தில் அந்தக் கிருமியைப் பிரித்தெடுக்கும்போது மற்ற கிருமிகளை அடக்குவதற்காக வளர்ப்புத் தட்டில் கொலிஸ்டினைச் சேர்ப்பார்கள், பிராக்கிஸ்பைரா அதன் மேலேயே வளரும். அதேபோல் பிராக்கிஸ்பைராவுக்கு நல்ல மருந்தான டயாமுலின், குட்டிகளின் நீர்க்கழிச்சலுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற குடல் கிருமியை ஒன்றும் செய்யாது. ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

அதற்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பால் மறக்கடித்த குட்டி கழிச்சலில் சாவது பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றிப்போவதால்தான். ஈ.கோலை குடல் சுவரைக் குடைந்து அழிப்பதில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டு நச்சை விடுகிறது, அந்த நச்சு குடல் செல்களை நீரையும் உப்பையும் உள்ளே கொட்ட வைக்கிறது. ஒட்டிய நச்சை எந்த ஆன்டிபயாடிக்காலும் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் அந்தச் செல்களில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உறிஞ்சும் வழி கெடாமல் இருக்கிறது. அதனால்தான் குளுக்கோஸும் உப்பும் சரியான அளவில் கலந்த நீர், கழிச்சல் ஓடிக்கொண்டிருக்கும்போதே குட்டியைப் பிழைக்க வைக்கிறது. இதைத் தண்ணீர்க் குழாயின் நிப்பிளில் மட்டும் விடாதீர்கள். தளர்ந்த குட்டிக்கு நிப்பிளை அழுத்தத் தெம்பு இருக்காது. தாழ்வான தட்டில், ஒரு நாளைக்குப் பல முறை புதிதாக வையுங்கள். படுக்கும் இடம் உலர்ந்தும், புதிதாகப் பிரித்த குட்டிக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் இருக்கட்டும். குளிரில் நடுங்கும் குட்டிக்கு மருந்து கொடுத்துப் பலனில்லை. மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன் இந்த இரண்டையும் சரிசெய்த பண்ணைகளில் சாவு குறைவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இனி நோய் எது என்பதற்கு வருவோம். வயதே பாதி விடையைச் சொல்லிவிடும். பிறந்து ஒரு வாரத்துக்குள் ரத்தக் கழிச்சலோடு ஈற்றில் பாதி போய்விட்டால் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் சி வகையைச் சந்தேகிக்க வேண்டும். பிரித்த முதல் இரண்டு வாரத்தில் நீர்க்கழிச்சல் என்றால் ஈ.கோலை முதல் சந்தேகம், கூடவே ரோட்டா வைரஸும் இருக்கலாம். வளரும் பருவத்தில் லாசோனியா, பிராக்கிஸ்பைரா, சால்மோனெல்லா என்ற மூன்று கிருமிகளும் வரிசையில் நிற்கும். கொட்டிலிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. புதிதாகப் போன கழிச்சலில் லிட்மஸ் தாளை வைத்துப் பாருங்கள். ஈ.கோலை நச்சால் வரும் கழிச்சல் பெரும்பாலும் காரமாக இருக்கும், தாள் நீலமாகும். குடல் உட்சுவரின் விரல் போன்ற நீட்சிகளை அழித்துச் செரிமானத்தைக் கெடுக்கும் வைரஸ் கழிச்சல் அமிலமாக இருக்கும். இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்றாலும், வைரஸ் கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொட்டுவதை இந்தத் தாள் பல முறை தடுத்திருக்கிறது.

குட்டிகளின் ஈ.கோலைக்கு வருகிறேன். எல்லா ஈ.கோலையும் நோய் தருவதில்லை. குடல் சுவரைப் பற்றிக்கொள்ள எஃப்4 அல்லது எஃப்18 என்ற மயிரிழைகள் உள்ளவைதான் பிரித்தபின் வரும் கழிச்சலுக்குக் காரணம். பழைய ஆட்கள் எஃப்4-ஐ கே88 என்பார்கள். எஃப்18 ஒட்டிக்கொள்ளும் இடம் பிறந்த குட்டியின் குடலில் இருக்காது, வயது ஏற ஏறத்தான் உருவாகும். சில பன்றிகளில் பிறவியிலேயே அந்த இடம் உருவாவதில்லை. எஃப்யூடி1 என்ற மரபணுவின் ஒரு வடிவம் அதற்குக் காரணம். ஒரே கொட்டிலில் சில குட்டிகள் மட்டும் கழிச்சல் இல்லாமல் தப்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எஃப்18 உள்ளவற்றில் சில வேறொரு நச்சைச் சுரக்கும். அப்போது கழிச்சலே இல்லாமல் இமை வீங்கி, குரல் கம்மி, கால் தடுமாறி, நல்ல கொழுத்த குட்டி திடீரென்று செத்துக் கிடக்கும். அது வீக்க நோய். அந்த நிலையில் ஆன்டிபயாடிக்கால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதற்கென்று நச்சுக்கு எதிரான தடுப்பூசி இருக்கிறது.

பிரித்த உடனே ஏன் வருகிறது என்றால், அன்றுவரை தாய்ப்பாலில் வந்த எதிர்பொருள் ஒவ்வொரு வேளையும் குடலைப் பூசிக் காத்தது. அது ஒரே நாளில் நின்றுபோகிறது. குட்டியின் வயிறு இன்னும் போதிய அமிலம் சுரக்கப் பழகவில்லை. முதல் நாள் பட்டினி கிடந்து இரண்டாம் நாள் மூச்சுமுட்டத் தின்கிறது. செரிக்காத புரதம் கீழே போய்க் கிருமிக்குத் தீனியாகிறது. உங்கள் பண்ணையில் ஒவ்வொரு தொகுதிக்கும் அதே ஐந்தாம் ஆறாம் நாளில் நோய் வருகிறது என்றால், கிருமி கொட்டிலிலேயே குடியிருக்கிறது என்று பொருள்.

இப்போது கொலிஸ்டின் ஏன் கேட்கவில்லை என்று பார்ப்போம். கொலிஸ்டின் நேர்மின் ஏற்றம் கொண்டது. கிருமியின் வெளிச்சுவரில் உள்ள எதிர்மின் ஏற்றம் அதை இழுத்துக்கொள்ளும், அப்படி ஒட்டித்தான் சுவரைக் கிழிக்கும். எம்சிஆர்-1 என்ற மரபணு உள்ள கிருமி தன் சுவரில் ஒரு சிறு வேதிக்குழுவைச் சேர்த்து அந்த எதிர்மின் ஏற்றத்தைக் குறைத்துக்கொள்கிறது, மருந்துக்கு ஒட்ட இடம் இல்லாமல் போகிறது. 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் இந்த மரபணுவை முதன்முதலாக அறிவித்தார்கள். அவர்கள் அதைக் கண்டது ஒரு பன்றியின் ஈ.கோலையில்தான். அது பிளாஸ்மிட் என்ற தனி வளையத்தில் இருந்தது என்பதுதான் உலகத்தையே உலுக்கிய செய்தி. பிளாஸ்மிட் ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்குத் தாவும், இனம் மாறியும் தாவும். மனித மருத்துவமனைகளில் வேறு எந்த மருந்தும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது கொலிஸ்டின். பன்றிக் குடலில் உருவான எதிர்ப்பு அந்தக் கடைசிக் கதவையும் சாத்தும் வழி அன்றைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது.

அதன்பின் சீனா 2017-இல் கொலிஸ்டினைத் தீவன வளர்ச்சி ஊக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்தியது. 2019-இல் இந்தியாவும் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளில் கொலிஸ்டினுக்குத் தடை போட்டது. சீனாவில் நிறுத்தியபின் பன்றிகளில் கொலிஸ்டின் எதிர்ப்பு உள்ள ஈ.கோலை நன்றாகக் குறைந்தது. எனக்கு இந்தச் செய்தி மிகவும் முக்கியம். எதிர்ப்பு ஒருமுறை வந்தால் வந்ததுதான் என்று கைவிரிப்பவர்கள் உண்டு. எப்போதும் அப்படி இல்லை.

என்ரோஃப்ளாக்சசின் விஷயம் வேறு மாதிரி. அது தாக்கும் நொதியின் மரபணுவிலேயே புள்ளி மாற்றம் ஏற்படுகிறது. ஒரு மாற்றத்தில் சற்றுத் தாங்கும், அடுத்த மாற்றம் சேர்ந்தால் முழுதாகத் தாங்கும். குறைந்த அளவு மருந்தும் அரைகுறை நாட்களும் இந்த இரண்டாம் படியை ஏற உதவும். கொலிஸ்டினும் என்ரோஃப்ளாக்சசின் வகையும் மனித மருத்துவத்துக்கு மிக மிக முக்கியமானவை என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியவை. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், வேறு எதுவும் கேட்காது என்று ஆய்வக முடிவு சொன்னால் ஒழிய, என் கை அவற்றை எழுதாது.

"சரி, மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். பலருக்கு இந்த நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே பயணிக்கும். டெட்ராசைக்ளின் கொடுத்தால் அதோடு சேர்ந்து ஆம்பிசிலின் எதிர்ப்பும் பெருகும். ஏப்ராமைசின் கால்நடைக்கு மட்டுமான மருந்து, மனிதருக்குக் கொடுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். ஆனால் ஏப்ராமைசினைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி, மனிதருக்குக் கொடுக்கும் ஜென்டாமைசினையும் செயலிழக்கச் செய்கிறது. ஆன்டிபயாடிக் அல்லாத துத்தநாக ஆக்சைடுக்கும் இந்தக் கறை உண்டு. தீவனத்தில் அதிக அளவு துத்தநாகம் சேர்த்தால் கழிச்சல் நிற்கும் என்பது உண்மை. ஆனால் அது மெத்திசிலின் மருந்து கேட்காத ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி பன்றிகளில் பெருக உதவுகிறது, சாணத்தின் வழியாக மண்ணிலும் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மருந்தளவு துத்தநாக ஆக்சைடை 2022 ஜூனில் நிறுத்தியது.

ஆகவே அடுத்த மருந்தை ஊகித்து வாங்குவதற்கு முன் மாதிரி எடுத்து அனுப்புங்கள். எப்படி எடுக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கழிச்சல் தொடங்கி ஒரு நாளுக்குள் உள்ள, இன்னும் எந்த மருந்தும் படாத, ஐந்தாறு குட்டிகளிடம் நேரடியாக ஆசனவாயிலிருந்து எடுக்க வேண்டும். தரையில் கிடந்ததை அள்ளி அனுப்பினால் கொட்டிலில் உள்ள கிருமிகளின் பட்டியல்தான் வரும். இப்போதுதான் செத்த குட்டி இருந்தால் அறுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. காலையில் செத்ததை மாலையில் அனுப்பாதீர்கள், குடல் அதற்குள் அழுகிவிடும். "ஈ.கோலை உள்ளது" என்று மட்டும் முடிவு வந்தால் அது பயனற்றது, ஏனென்றால் எல்லாப் பன்றிக் குடலிலும் ஈ.கோலை உண்டு. ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டில் கிருமி ரத்தத்தைக் கரைக்கிறதா, எஃப்4-ஆ எஃப்18-ஆ, எந்த மருந்து கேட்கும், இந்த மூன்றையும் கேளுங்கள்.

முடிவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். ஆய்வகத் தட்டில் கேட்கும் மருந்து எல்லாம் குடலில் கேட்காது. ஊசியில் ஜென்டாமைசின் போட்டால் அது ரத்தத்தில் நிறைந்து சிறுநீரில் போகும், குடலுக்குள் அதிகம் வராது. அதே குடும்பத்து நியோமைசினை வாய்வழி கொடுத்தால் ரத்தத்துக்குப் போகாமல் குடலிலேயே தங்கும், இங்கே நமக்கு அதுதான் வேண்டும். முடிவு அனுமதித்தால் நியோமைசின், ஏப்ராமைசின், ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின் இரண்டுக்கும் பன்றி ஈ.கோலையில் எதிர்ப்பு மிகப் பரவலாக உள்ளது. அளவும் நாட்களும் உங்கள் கால்நடை மருத்துவர் அந்தந்தத் தயாரிப்பைப் பார்த்து எழுதுவதுதான். நோய் வந்த கொட்டிலுக்கு மட்டும் கொடுங்கள், பண்ணை முழுவதற்கும் வேண்டாம்.

"மருந்து கேட்கவில்லை" என்று சொல்லப்படும் இடங்களில் எல்லாம் எதிர்ப்பு இருப்பதில்லை. நான் போய்ப் பார்க்கும்போது பாதிக் குற்றம் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும். குட்டிகளை எடை போடாமல் கண்ணளவில் பத்துக் கிலோ என்று கணக்கிட்டிருப்பார்கள். ஒழுகும் நிப்பிள் வழியாக மருந்து பள்ளத்துக்குப் போயிருக்கும். குழாய்க்குள் வழவழவென்று கிருமிப் படலம் படிந்திருக்கும். சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு பிணைந்து வீணாகியிருக்கும். மிக மோசமாக நோய்ப்பட்ட குட்டி தண்ணீரே குடித்திருக்காது. அதற்குத் தனியாக வாயில் ஊற்றியோ ஊசி போட்டோதான் பார்க்க வேண்டும். முதலில் இவற்றைச் சரிபாருங்கள். குறைந்த அளவு மருந்து நோயையும் தீர்க்காது, எதிர்ப்புக் கிருமியையும் பொறுக்கி எடுத்து வளர்த்துவிடும்.

இனி உங்கள் வளர்ந்த பன்றிகள். சளியும் ரத்தமும் கலந்த, சிமெண்ட் நிறத்திலிருந்து செம்பழுப்பு வரையான கழிச்சல், பக்கம் ஒட்டிய வயிறு, வளர்ச்சி நின்றுபோன உடம்பு என்றால் பன்றிச் சீதபேதி என்று நினைக்கிறேன். அதன் கிருமி பிராக்கிஸ்பைரா ஹையோடிசென்டீரியே, பெருங்குடலில் மட்டும் வாழ்வது. டைலோசினுக்கு இது பரவலாக எதிர்ப்புப் பெற்றுவிட்டது. கிருமியில் புரதம் தயாரிக்கும் உறுப்பான ரைபோசோமின் மரபுக் குறியீட்டில் ஒரே ஒரு எழுத்து மாறினாலே டைலோசின் விழுந்துவிடும், லிங்கோமைசினும் கூடவே தளர்ந்துவிடும். மிஞ்சி நிற்பவை டயாமுலின், வால்நெமுலின் என்ற ஒரே குடும்பத்து மருந்துகள்தான். அவற்றுக்கும் மெல்ல மெல்ல எதிர்ப்பு ஏறி வருகிறது. சீதபேதிக்கு மருந்துப் பஞ்சம் வந்துவிட்டது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மாதிரி அனுப்பும்போது பிராக்கிஸ்பைரா என்று தனியாக எழுதிக் கேளுங்கள். காற்றில்லாச் சூழலில், நாள் கணக்கில் வளர்க்க வேண்டிய கிருமி இது. சாதாரணத் தட்டில் தேடினால் கிடைக்காது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை விரைவாகச் சொல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டயாமுலின் கொடுக்கும் நாட்களிலும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது தீவனத்தில் மோனென்சின், சாலினோமைசின், நராசின் ஆகிய தீவனச் சேர்க்கை மருந்துகள் எதுவும் இருக்கக் கூடாது. டயாமுலின் அவை உடலைவிட்டு வெளியேறுவதைத் தடுத்துவிடும், தசை அழிந்து பன்றி படுத்துவிடும். தீவன மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் மருந்து கலந்த ஒரு பண்ணையில் எழுந்திருக்க முடியாமல் கால்களை இழுத்துக்கொண்டு கிடந்த பன்றிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சி இன்னும் மறக்கவில்லை. தீவனம் தருபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சீதபேதியை மருந்தால் அடக்கலாம், பண்ணையிலிருந்து வெளியேற்ற மருந்து மட்டும் போதாது. குளிர்ந்த ஈரச் சாணத்தில் இந்தக் கிருமி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கூட உயிரோடிருக்கும். சுண்டெலிகள் நோயில்லாமலே பல மாதம் இதைச் சுமக்கும். சாணக்குழியைக் காலிசெய்து, கழுவி, நன்றாக உலரவிட்டு, எலியை அடியோடு ஒழித்து, மருந்து கொடுத்த பன்றிகளைச் சுத்தமான கொட்டிலுக்கு மாற்றினால்தான் முடியும். வெளியிலிருந்து வாங்கும் பன்றிதான் பெரும்பாலும் இதைக் கொண்டுவரும்.

ரத்தம் சளியோடு இல்லாமல் தார் மாதிரிக் கறுத்துப் போய், பன்றி வெளுத்துத் திடீரென்று செத்தால் அது லாசோனியாவாக இருக்கலாம். இது குடல் செல்லுக்குள் புகுந்து வாழும் கிருமி. அதனால் பென்சிலின் போய்ச் சேராது. டைலோசின், டயாமுலின் கேட்கும். வாய்வழித் தடுப்பு மருந்தும் உண்டு. சால்மோனெல்லா என்று வந்தால் லேசான கழிச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க அவசரப்படாதீர்கள், கிருமி வெளியேறுவது அதனால் குறைவதில்லை. காதும் வயிறும் நீலம்பாரித்து, காய்ச்சலோடு ரத்தத்தில் பரவிய நிலை என்றால் தயங்காமல் சோதனை முடிவின்படி ஊசி போட வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் சி வகைக்கு நோய் தெரிந்தபின் வைத்தியம் தோற்கும். புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருள் சீம்பாலில் இருப்பதால், டிரிப்சின் அழித்திருக்க வேண்டிய நச்சு பிறந்த குட்டியில் தப்பிவிடுகிறது. சினைப்பன்றிக்குத் தடுப்பூசி போட்டு, அதே சீம்பாலின் வழியே எதிர்பொருளைக் கொடுப்பதுதான் வழி.

மீண்டும் உங்கள் குட்டிகளுக்கு வருவோம், நிரந்தரத் தீர்வு அங்கேதான் இருக்கிறது. சுவீடன் 1986-இலேயே தீவனத்தில் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை நிறுத்தியது. முதல் சில ஆண்டுகள் பிரித்த குட்டிகளில் கழிச்சல் கூடியது, வைத்தியத்துக்கான மருந்துச் செலவும் கூடியது. பிறகு பிரிக்கும் வயதைத் தள்ளி, கொட்டிலை மாற்றி, தீவனத்தை மாற்றியபின் மருந்து குறைந்தது. அந்த இடைப்பட்ட கஷ்ட காலம் உங்களுக்கும் வரும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

நான் முதலில் மாற்றச் சொல்வது பிரிக்கும் வயதை. 21 நாளில் பிரிப்பவர் 28-க்குத் தள்ளினால் குடலும் வயிறும் கண்கூடாக முதிர்ந்திருக்கும். பிரிப்பதற்கு முன்பே, தாயோடு இருக்கும்போதே, திடத் தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பிரித்த முதல் இரண்டு வாரத் தீவனத்தில் கச்சாப் புரதத்தை 18 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவந்து, குறையும் லைசின் முதலிய அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வளர்ச்சி சற்று மந்தமாகும், பின்னால் ஈடுகட்டிவிடும். ஃபார்மிக், பென்சாயிக் போன்ற அமிலங்கள் தீவனத்தில் உதவும். ஒரு தொகுதி முழுவதும் வெளியேறியபின் கழுவி, கிருமிநாசினி தெளித்து, முழுதாகக் காய்ந்தபின்தான் அடுத்த தொகுதி உள்ளே போக வேண்டும். காய்வதைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள், ஈ.கோலைக்கு அதுதான் பெரிய அடி.

தடுப்பு மருந்தும் இருக்கிறது. எஃப்4, எஃப்18 இரண்டுக்குமான உயிருள்ள வாய்வழித் தடுப்பு மருந்தை 18 நாள் வயதிலிருந்து கொடுக்கலாம், பாதுகாப்பு ஒரு வாரத்தில் தொடங்கும். அதனால் பிரிக்கும் நாளுக்குச் சரியாகக் கணக்கிட்டு முன்பே கொடுக்க வேண்டும். அது உயிருள்ள கிருமி என்பதால், கொடுக்கும் நாளை ஒட்டி முன்னும் பின்னும் தண்ணீரிலோ தீவனத்திலோ ஆன்டிபயாடிக் இருந்தால் தடுப்பு மருந்தே செத்துவிடும். நிறைய இடங்களில் "தடுப்பு மருந்து வேலை செய்யவில்லை" என்பதன் காரணம் இதுதான். தாய்ப்பன்றிக்குப் போடும் ஈ.கோலை தடுப்பூசி பால் குடிக்கும் வரைதான் காக்கும், பிரித்தபின் வரும் கழிச்சலுக்கு அதை நம்ப வேண்டாம்.

இந்த வாரம் குட்டிகளிடமிருந்து ஒரு மாதிரியும் வளர்ந்தவற்றிடமிருந்து தனியாக ஒரு மாதிரியும் அனுப்புங்கள். முடிவு வரும்வரை கொலிஸ்டினையும் என்ரோஃப்ளாக்சசினையும் நிறுத்திவிட்டு, குட்டிகளுக்குக் குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரும் சூடும் கொடுங்கள். தளர்ந்துகொண்டே போகும் கொட்டிலுக்கு மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டு நியோமைசின் தொடங்கலாம். விற்கப் போகும் பன்றிகளுக்கு ஏற்கெனவே கொடுத்த மருந்துகளின் தேதியைக் குறித்துவைத்து, மருந்து உடலைவிட்டு நீங்கக் காத்திருக்க வேண்டிய விலக்கு நாட்கள் முடிந்த பிறகே அனுப்புங்கள். முடிவில் எஃப்4-ஆ எஃப்18-ஆ என்று தெரிந்ததும், நீங்கள் எந்த வயதில் பிரிக்கிறீர்கள், தீவனத்தில் புரதம் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த தொகுதிக்குத் தடுப்பு மருந்து எந்த நாளில் கொடுப்பது என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.